வளையும் மரமும் வாக்களித்த உத்தரவாதமும்

ஹாலோ பாடி கிட்டார் என்பது உள்ளே கூடாக அமைந்த மர உடலின்மேல் எஃகுத் தந்திகளை இழுத்துக் கட்டிய கருவி. எந்த மென்மையால் அந்த உடல் இனிமையாக ஒலிக்கிறதோ, அதே மென்மையால் அது வளையவும் செய்கிறது. பெரும் தொகை கொடுத்து வாங்கிய ஒரு கருவியின் கழுத்து முறுக்கிக்கொள்ளும்போதோ, அதன் மேற்பலகை நடுவில் அமிழத் தொடங்கும்போதோ, உரிமையாளர் முன் இரண்டு கேள்விகள் ஒருசேர எழுகின்றன. மரம் ஏன் வளைந்தது என்பது ஒன்று. அதைச் சரிசெய்து தரும் பொறுப்பு யாருடையது என்பது மற்றொன்று. முதலாவது மர அறிவியலைச் சார்ந்தது, இரண்டாவது சட்டத்தைச் சார்ந்தது என்றாலும், இரண்டாவதன் விடை பெரும்பாலும் முதலாவதன் விடையிலேயே அடங்கியிருக்கிறது. கிட்டார் வளைந்துவிட்டது என்பதற்காக மட்டும் எந்த உத்தரவாதமும் ஈடு தருவதில்லை. வளைவு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தே ஈடு தருகிறது. எனவே காரணத்தை அளந்து, தேதியிட்டுப் பதிந்து வைத்திருப்பவரின் கோரிக்கையே நிற்கும்.

வயலின் முறையில் பிறந்த உடல்

இக்கருவியின் வரலாறு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கலமசூ நகரில் தொடங்குகிறது. அங்கே வாழ்ந்த ஆர்வில் கிப்சன், வயலின் செய்வோர் காலங்காலமாகக் கையாண்ட முறையைப் பின்பற்றி, தடித்த பலகையைக் குடைந்து நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் செதுக்கி மாண்டலினுக்கும் கிட்டாருக்கும் மேற்பலகை அமைத்தார். 1898இல் அவர் தம்முடைய மாண்டலின் வடிவமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1902இல் அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் அதே நகரில் தொடங்கப்பட்டது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய லாயிட் லோர் என்பவரின் மேற்பார்வையில் 1922இல் வெளிவந்த எல்-5 என்னும் கிட்டார், வட்டத் துளைக்குப் பதிலாக வயலினில் இருப்பது போன்ற எஃப் வடிவத் துளைகள் இரண்டைக் கொண்டிருந்தது. வளைந்த மேற்பலகை கொண்டதால் ஆர்ச்டாப் என்று அழைக்கப்படும் கிட்டார் வகைக்கு அதுவே முன்மாதிரியாயிற்று.

1936இல் வந்த இஎஸ்-150 இவ்வகைக் கிட்டாரில் மின்காந்த ஒலியேற்பியைப் பொருத்தி, சார்லி கிறிஸ்டியன் போன்ற ஜாஸ் கலைஞர்களின் கையில் புகழ் பெற்றது. 1949இல் வந்த இஎஸ்-175, செதுக்கிய பலகைக்குப் பதிலாக, மெல்லிய மேப்பிள் மர அடுக்குகளைப் பசையிட்டு அச்சில் வைத்து அழுத்திய ஒட்டுப்பலகையால் ஆனது. 1958இல் வந்த இஎஸ்-335, உடலின் நடுவே நீளவாக்கில் ஒரு திண்ணிய மரக்கட்டையைக் கொண்டிருந்ததால் பாதிக்கூடான வகை எனப்பட்டது. 1961இல் எபிஃபோன் என்னும் வணிகப் பெயரில் வெளிவந்து, பின்னர் பீட்டில்ஸ் குழுவினரால் உலகறிந்த கேசினோ, பார்வைக்கு 335ஐ ஒத்திருந்தாலும் உள்ளே நடுக்கட்டை இல்லாத முழுக்கூடான கருவியாகும்.

வளைவைப் புரிந்துகொள்ள விரும்புவோர்க்கு இந்த வேறுபாடுகள் இன்றியமையாதவை. செதுக்கிய பலகை ஒரே மரத்தால் ஆனதால், காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் வெடிக்கக்கூடியது. ஒட்டுப்பலகையில் அடுத்தடுத்த அடுக்குகளின் நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்திருப்பதால் அது எளிதில் வெடிக்காது. ஆயினும் அடுக்குகள் சமமாக உலராமலோ பசை முழுமையாக இறுகாமலோ அழுத்தப்பட்டிருந்தால், அச்சில் பெற்ற வடிவத்தை நாளடைவில் இழக்கலாம். நடுக்கட்டை உள்ள கருவியில் மேற்பலகை அமிழ்வது அரிது. நடுக்கட்டை இல்லாத கருவியில் அந்த அச்சம் எப்போதும் உண்டு. ஆகவே ஒரு கிட்டார் வளைந்திருக்கிறது என்ற செய்தியைக் கேட்டவுடன், அதன் உடல் எவ்வாறு கட்டப்பட்டது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

தந்தியின் இழுவிசை

முதல் தந்தி 0.010 அங்குலத் தடிமன் கொண்ட வழக்கமான மின்கிட்டார்த் தந்தித் தொகுதியைச் சுருதி கூட்டியதும், ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் கழுத்தை உடலை நோக்கி இழுக்கின்றன. ஜாஸ் கலைஞர்கள் விரும்பும் 0.012 அங்குலத் தொகுதியைப் போட்டால் அந்த விசை 60 கிலோவை எட்டலாம், கடக்கவும் கூடும். கருவி பெட்டியில் உறங்கும்போதும் இந்த இழுவிசை ஓய்வதில்லை.

இந்த விசையின் ஒரு பகுதி, வீணையின் குதிரைக்கு நிகரான பிரிட்ஜின் வழியே மேற்பலகையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆர்ச்டாப் கிட்டார்களில் பிரிட்ஜ் பெரும்பாலும் ஒட்டப்படுவதோ திருகப்படுவதோ இல்லை. தந்திகளின் அழுத்தத்தாலேயே அது தன் இடத்தில் நிற்கிறது. தந்திகள் உடலின் கடைக்கோடியில் பொருத்திய உலோகத் தாங்கியில் முடிவதால், அங்கிருந்து பிரிட்ஜின்மேல் ஏறி இறங்கும் கோணம் எவ்வளவு கூர்மையானதோ அவ்வளவுக்கு அழுத்தமும் மிகும். அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காக மேற்பலகையின் அடிப்புறத்தில் நீளவாக்கிலோ பெருக்கல் குறி வடிவிலோ இரண்டு மரச்சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. இவை பிரேஸ் எனப்படுகின்றன. இச்சட்டங்களுள் ஒன்று ஓரிடத்தில் பசை விட்டாலும், அந்த இடத்தில் மேற்பலகை துணையின்றி நின்று மெல்ல அமிழத் தொடங்குகிறது.

கழுத்தைக் காப்பதற்கு வேறோர் ஏற்பாடு உண்டு. கிப்சன் நிறுவனத்தில் பணிபுரிந்த தாடியஸ் மெக்ஹியூ என்பவர் 1920களின் தொடக்கத்தில் உருவாக்கி, 1923இல் காப்புரிமை பெற்ற ட்ரஸ் ராட் என்னும் எஃகுத் தண்டு, கழுத்தின் உள்ளே நீளவாக்கில் பதிக்கப்படுகிறது. அதன் முனையிலுள்ள மரையை இறுக்கினால், தந்திகள் கழுத்தை வளைக்கும் திசைக்கு எதிர்த்திசையில் அது கழுத்தைத் தள்ளுகிறது. பழைய ஒருவழித் தண்டு தந்தியின் இழுவையை எதிர்க்க மட்டுமே வல்லது. பிற்காலத்தில் வந்த இருவழித் தண்டு இரு திசைகளிலும் கழுத்தைத் திருத்தக்கூடியது. கழுத்து நீளவாக்கில் வளைந்தால் இத்தண்டு உதவும். அது முறுக்கிக்கொண்டால் எந்தத் தண்டும் தனித்து உதவாது.

காற்றின் ஈரமும் மரத்தின் அசைவும்

மழைக்காலத்தில் மரக்கதவு நிலையோடு இறுகித் திறக்க மறுப்பதையும், கோடையில் அதே கதவு தளர்ந்து இடைவெளி விடுவதையும் எல்லோரும் கண்டிருப்பர். கிட்டாரில் நிகழ்வதும் அதுவே. வெட்டி உலர்த்திய மரம் இறந்த பொருளாயினும், சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கேற்ப நீரை உறிஞ்சுவதையும் வெளிவிடுவதையும் நிறுத்துவதில்லை. காற்று அந்த வெப்பநிலையில் ஏற்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதத்தை ஏற்றிருக்கிறது என்பதே ஒப்பீட்டு ஈரப்பதம் எனப்படுகிறது. அறை வெப்பநிலையில் ஒப்பீட்டு ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது, மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 9 சதவீத நீரைத் தாங்கிச் சமநிலை அடைகிறது. காற்றின் ஈரப்பதம் 25 சதவீதமாகக் குறைந்தால் மரத்தின் நீர் 5 சதவீதமாகவும், 80 சதவீதமாக உயர்ந்தால் 16 சதவீதமாகவும் மாறுகிறது.

இந்த மாற்றம் எல்லாத் திசைகளிலும் சமமாக நிகழ்வதில்லை என்பதே வளைவின் மூலகாரணம். நாரின் நீளவாக்கில் மரம் மிகக் குறைவாகவே சுருங்குகிறது. நாருக்குக் குறுக்காகவோ பல மடங்கு சுருங்குகிறது. அந்தக் குறுக்குத் திசையிலும், ஆண்டு வளையங்களைத் தழுவிச் செல்லும் போக்கில் நிகழும் சுருக்கம் மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் போக்கில் நிகழும் சுருக்கத்தைப் போல ஏறக்குறைய இருமடங்காகும். 16 அங்குலம், அதாவது சுமார் 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்புரூஸ் மேற்பலகை, வளையங்கள் பலகைக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுக்கப்பட்டு, எதனோடும் ஒட்டப்படாமல் இருந்தால், காற்றின் ஈரப்பதம் 50இலிருந்து 25 சதவீதத்துக்கு இறங்கும்போது சுமார் இரண்டரை மில்லிமீட்டர் குறுகும். வளையங்கள் படுக்கையாக அமையும்படி அறுத்த கடின மேப்பிள் பலகையோ ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் குறுகும். கிட்டாரில் பலகையின் விளிம்பு முழுவதும் பக்கப்பலகையோடு ஒட்டப்பட்டிருப்பதால் அது குறுக வழியில்லை. அந்த விசை மேட்டைத் தாழ்த்துகிறது, அல்லது நாரின் போக்கில் பலகையைப் பிளக்கிறது. ஈரம் மிகும்போது இதற்கு நேர்மாறாக மேடு உயர்ந்து, பிரிட்ஜும் தந்திகளும் மேலெழும்.

வட அமெரிக்காவில் பனிக்காலத்தில் வீட்டைச் சூடேற்றும்போது, அறைக்காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி இறங்குவது வழக்கம். ஆகவேதான் அங்கே கிட்டார்கள் மிகுதியாகப் பழுதுபார்க்க வருவது அந்தப் பருவத்தில். தயாரிப்பாளர்கள் பொதுவாக 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தைப் பரிந்துரைக்கின்றனர். ஈரத்தைவிட விரைவாகக் கெடுக்கவல்லது வெப்பம்: வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகையைத் தாண்டக்கூடும், அந்த வெப்பத்தில் மரப்பசை தன் பிடியைத் தளர்த்தத் தொடங்குகிறது, தந்திகள் இழுத்துக்கொண்டிருக்கும் நிலையில் பசை தளர்ந்தால், சில மணி நேரத்திலேயே கழுத்தின் இணைப்பு நகர்ந்துவிடலாம்.

வளைவின் வகைகள்

வளைவு என்ற ஒரே பெயரில் பல நிலைகள் அடங்கியுள்ளன; அவற்றுள் சில குறையே அல்ல. தந்தி அதிரும்போது அதன் நடுப்பகுதி அகலமாக வீசுவதால், கழுத்து இம்மியும் வளையாமல் நேராக இருப்பதைவிட, நடுவில் மிகச் சிறிதளவு குழிந்திருப்பதே நல்லது. இந்தக் குழிவு பருவத்துக்குப் பருவம் சற்று மாறுவதும், ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பி அதைத் திருத்துவதும் வழக்கமான பராமரிப்பு. எந்த உத்தரவாதத்திலும் இது குறையாகக் கொள்ளப்படுவதில்லை.

கவலைக்குரியவை வேறு. தண்டை அதன் எல்லைவரை இறுக்கிய பின்பும் கழுத்து முன்னோக்கி வளைந்தே நிற்பது ஒன்று. தண்டு முற்றிலும் தளர்ந்த நிலையிலும் கழுத்து பின்னோக்கிச் சாய்ந்து, தந்திகள் ஃப்ரெட்டுகளில் உரசுவது மற்றொன்று. ஃப்ரெட் என்பது வீணையின் மெட்டுக்கு நிகரான உலோகக் கம்பி. தடித்த தந்திப் பக்கம் ஒருவிதமாகவும் மெல்லிய தந்திப் பக்கம் வேறுவிதமாகவும் கழுத்து திரும்பும் முறுக்கு மூன்றாவது. கழுத்துக்குத் தேர்ந்த மரத்தின் நார் நேராக ஓடாமல் சாய்ந்து ஓடினாலோ, மரம் போதிய அளவு உலராமல் அறுக்கப்பட்டிருந்தாலோ இந்த முறுக்கு பெரும்பாலும் தோன்றும். கழுத்து உடலோடு சேருமிடத்தில் விரல்பலகை மேடிட்டு எழுவது நான்காவது. பிரிட்ஜின் கீழே மேற்பலகை அமிழ்வது ஐந்தாவது. ஹாலோ பாடி கிட்டாருக்கே உரிய இந்தக் கேடு, பிரிட்ஜை எவ்வளவு உயர்த்தியும் தந்திகள் தாழ்ந்தே நிற்பதால் வெளிப்படும்.

அளந்து அறியும் முறை

கழுத்தின் குழிவை அறிய அளவுகோல் தேவையில்லை. இழுத்துக் கட்டிய தந்தியே நேர்கோடாகப் பயன்படும். கிட்டாரை வாசிக்கும் நிலையில் பிடித்து, தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டில் மறுகையாலும் அழுத்திக்கொண்டு, இடையிலுள்ள ஏழாம் அல்லது எட்டாம் ஃப்ரெட்டின் முகட்டுக்கும் தந்தியின் அடிப்புறத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் தகடு ஒன்று அதில் வழுக்கிச் சென்றால் குழிவு இயல்பானது. இடைவெளி அதைப்போலச் சில மடங்கு இருந்தாலோ, இடைவெளியே இல்லாமல் தந்தி ஃப்ரெட்டின்மேல் படுத்திருந்தாலோ கழுத்துக்குத் திருத்தம் தேவை. அதே அளவீட்டை மெல்லிய தந்தியிலும் எடுத்து ஒப்பிட்டால், இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கும்போது முறுக்கு இருப்பது வெளிப்படும்.

உடலை ஆராய்வதற்கு எஃப் துளைகளே வாயில்கள். சிறிய கண்ணாடியைத் துளைக்குள் சாய்த்து வைத்து, மற்றத் துளையின் வழியே மெல்லிய விளக்கொளியைச் செலுத்தினால், மேற்பலகையின் அடிப்புறமும் அதனோடு ஒட்டிய சட்டங்களும் தெரியும். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே நிழற்கோடாக ஒரு விரிசல் தென்பட்டால், அங்கே பசை விட்டிருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத விரிசலைச் செவி காட்டிக்கொடுக்கும்: மேற்பலகையை விரல் கணுவால் மெல்லத் தட்டிக்கொண்டே நகர்ந்தால், ஒட்டு உறுதியான இடங்களில் ஒலி திண்ணெனக் கேட்கும், பசை விட்ட இடத்தில் சலசலக்கும். மேற்பலகையின் குறுக்கே நேரான விளிம்புள்ள அளவுகோலை நிறுத்தி, மேட்டின் உச்சியிலிருந்து இருபுற ஓரங்களுக்கும் உள்ள தாழ்வை அளந்து எழுதி வைத்தால், இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் எடுக்கும் அளவு, பலகை இன்னும் அமிழ்கிறதா அல்லது நின்றுவிட்டதா என்பதைச் சொல்லும்.

லூதியர் எனப்படும் நரம்பிசைக் கருவித் தச்சர்கள் வேறு தடயங்களையும் படிப்பர். ஃப்ரெட் முனைகள் விரல்பலகையின் ஓரத்தில் துருத்திக் கையைக் கீறுவதும், நாரின் போக்கில் வெடிப்புகள் தோன்றுவதும் வறட்சியின் அடையாளங்கள். மெருகுப் பூச்சு குமிழியிட்டிருப்பதும் இணைப்புகளில் பசை கசிந்திருப்பதும் வெப்பத்தைக் காட்டும். இவற்றுள் எதுவுமின்றி, வாங்கிய சில மாதங்களிலேயே கழுத்து முறுக்கியிருந்தாலோ, விட்டுப்போன சட்டத்தின் அடிப்புறத்தில் பசையின் சுவடே காணப்படாவிட்டாலோ, குறை பட்டறையிலேயே பிறந்தது என்று கருதுவதற்கு வலுவான காரணம் உண்டு.

உத்தரவாதம் தருவதும் விலக்குவதும்

கிட்டார்களுக்கு வழங்கப்படும் உத்தரவாதம் ஓராண்டிலிருந்து உரிமையாளரின் ஆயுட்காலம்வரை நீளக்கூடும். ஆயுட்காலம் என்ற சொல் பலரை மயக்கினாலும், அந்த உத்தரவாதங்களின் வாசகத்தில் சில வரம்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன: அங்கீகாரம் பெற்ற கடையில் புதிதாக வாங்கிய முதல் உரிமையாளருக்கு மட்டுமே அது செல்லும், மறுவிற்பனையில் பெற்றவருக்குச் செல்லாது, பல வேளைகளில் வாங்கிய நாட்டுக்கு வெளியே செல்லாது. மரத்திலோ செய்நேர்த்தியிலோ உள்ள குறையை மட்டுமே அது ஏற்கும். இயல்பான தேய்மானம், வழக்கமான திருத்தங்கள், பிறர் செய்த மாற்றங்கள், அளவுக்கு மீறிய வெப்பமும் ஈரமும் வறட்சியும் விளைவித்த கேடுகள் ஆகியவை விலக்கப்படும். பழுதுநீக்குவதா, வேறு கருவி தருவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் நிறுவனமே வைத்துக்கொள்கிறது.

இவ்விலக்குகளுள் ஈரப்பதம் பற்றியதே ஹாலோ பாடி கிட்டாரின் உரிமையாளருக்குப் பெரும் தடையாகிறது. ஏனெனில் மரத்தின் எந்த அசைவையும் ஈரத்தோடு தொடர்புபடுத்திவிட முடியும். உலராத மரத்தால் கழுத்தைச் செய்த பட்டறையின் பிழையும், கருவியை வெப்பமூட்டியின் அருகே நிறுத்திய உரிமையாளரின் பிழையும் கடைசியில் ஒரே வளைவாகத் தெரிவதால், ஆராயாமல் உரிமையாளரின்மேல் பழி போடுவது எளிது. இது நேர்மையன்று. ஈரத்தால் வந்த கேடு என்று முடிவுசெய்யும் நிறுவனம், எந்தத் தடயத்தைக் கண்டு அம்முடிவுக்கு வந்தது என்பதை எழுத்தில் தருவதே முறையாகும். அதைக் கேட்டுப் பெறுவதில் உரிமையாளர் தயங்க வேண்டியதில்லை.

சட்டம் தரும் துணை

நிறுவனம் எழுதித் தந்த உத்தரவாதத்துக்கு அப்பாலும் சட்டம் சில உரிமைகளைத் தருகிறது. அமெரிக்காவில் 1975இல் இயற்றப்பட்ட மேக்னசன்–மாஸ் உத்தரவாதச் சட்டம், எழுத்து வடிவிலான உத்தரவாதம் முழுமையானதா வரம்புக்குட்பட்டதா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது. எழுத்தில் உத்தரவாதம் தரும் நிறுவனம், பொருள் அதற்குரிய இயல்பான பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்கும் என்று சட்டமே கொள்ளும் உள்ளுறை உத்தரவாதத்தை அடியோடு மறுத்துவிட முடியாது. குறிப்பிட்ட நிறுவனத்தின் உதிரிப்பாகத்தையோ சேவையையோ விலைகொடுத்துப் பெற்றால்தான் உத்தரவாதம் செல்லும் என்று பொதுவாக நிபந்தனை விதிக்கவும் இயலாது. எனவே வெளியில் தந்தி மாற்றியதையோ தகுந்த தச்சரிடம் ட்ரஸ் ராடைத் திருத்தியதையோ மட்டும் காரணமாகக் காட்டிக் கோரிக்கையை மறுப்பது அங்கே நிலைக்காது. ஆனால் அந்தத் திருத்தமே கேட்டை விளைவித்திருந்தால் நிலைமை வேறு.

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டம் பொறுப்பை விற்பவர்மேல் வைக்கிறது: குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம், ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, மாறாக நிறுவப்படாதவரை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படியான பொறுப்புக் காலம் குறைந்தது இரண்டு ஆண்டுகள். அவற்றுள் முதல் ஓராண்டேனும் இதே அனுமானம் வாங்கியவருக்குச் சாதகமாக நிற்கும்.

இந்தியாவில் வாங்கிய கருவிக்கு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அச்சட்டம் கூறினாலும், சுயதொழிலாகத் தம் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோரே என்று விளக்கம் தருவதால், மேடையில் வாசித்து வாழும் இசைக்கலைஞருக்கும் அதன் கதவு திறந்தே இருக்கிறது. முறையீட்டாளர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஆராய்ந்தாலன்றி அறிய முடியாத குறையென்றால், பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முறையீட்டுக்கு முன் வழிகாட்டுதல் பெறத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கோரிக்கையின் ஒழுங்கு

வளைவைக் கண்டவுடன் செய்ய வேண்டிய முதற்செயல், எதையும் திருத்தாமல் இருப்பதே. தண்டை இறுக்கியோ, சட்டத்துக்குப் பசை வைத்தோ, ஃப்ரெட்டை அராவியோ விட்டால், காரணத்தைக் காட்டும் தடயம் அழிவதோடு, பிறர் செய்த மாற்றம் என்ற விலக்கும் குறுக்கே வந்து நிற்கும். மேற்பலகை அமிழ்வது தெரிந்தால் மட்டும், தந்திகளைச் சற்றுத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைப்பது நல்லது. ஒட்டப்படாத பிரிட்ஜ் அப்போது நகரக்கூடுமாதலால், அதன் இரு கால்களின் இடத்தையும் பூச்சைக் கெடுக்காத மென்மையான ஒட்டுநாடாவால் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஆவணங்களைத் திரட்ட வேண்டும். வாங்கிய ரசீது, தொடர் எண், உத்தரவாத அட்டை, வாங்கும் நாளில் வழங்கிய உத்தரவாத வாசகம் ஆகியவற்றோடு, கழுத்தை நுனியிலிருந்து உடலை நோக்கிப் பார்த்த கோணத்திலும், மேற்பலகையின்மேல் அளவுகோலை நிறுத்திய நிலையிலும் எடுத்த ஒளிப்படங்கள், தேதியிட்ட அளவீடுகள், அறையின் ஈரப்பதப் பதிவு ஆகியவை சேர்ந்தால் கோரிக்கைக்கு முதுகெலும்பு கிடைக்கும். நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு தச்சர், தாம் கண்டதை மட்டும் எழுதித் தரும் அறிக்கை, உரிமையாளரின் பல பக்க முறையீட்டைவிட எடை மிக்கது.

கோரிக்கையை முதலில் விற்ற கடைக்கும் உடன் நிறுவனத்துக்கும் எழுத்தில் அனுப்பி, கண்ட குறை, கண்ட நாள், எதிர்பார்க்கும் தீர்வு ஆகிய மூன்றையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் பெற்ற வாக்குறுதியை அன்றே கடிதமாக எழுதி உறுதிப்படுத்துவது பின்னால் பயன்படும். கருவியை அனுப்ப நேர்ந்தால், போக்குவரத்துச் செலவும் வழியில் நேரும் சேதமும் யாருடையவை என்பதை முன்கூட்டியே தெளிந்து, பெட்டியில் கழுத்துக்குக் கீழே பொதிந்து, காப்பீட்டோடு அனுப்ப வேண்டும். எல்லை கடந்து அனுப்பும்போது மரத்தின் வகையையும் அறிந்திருப்பது நலம்: 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதற்கும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு வந்தபின், முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்களிக்கப்பட்டது, ஆயினும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை என்பதால், பழைய கருவிகளின் உரிமையாளர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

காப்பதும் சான்றாவதும் ஒன்றே

தமிழகக் கடற்கரை நகரங்களில் சிக்கல் அமெரிக்கப் பனிக்காலத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. சென்னையில் மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம். குளிரூட்டிய அறையில் அது வெகுவாகக் குறையும். கிட்டார் நாள்தோறும் இந்த இரண்டுக்கும் இடையே அலைக்கழிந்தால், மரம் ஓயாமல் விரிந்து சுருங்கும். எனவே சுவரில் மாட்டி வைப்பதைவிட மூடிய பெட்டிக்குள் வைப்பதும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளை அளவறிந்து பயன்படுத்துவதும், கத்திரி வெயிலில் காருக்குள் விட்டுச் செல்லாமல் இருப்பதும் இங்கே கட்டாயமாகின்றன.

அளவறிந்து செய்வதற்கு ஈரமானி வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய ஈரமானியே போதும், அதன் துல்லியத்தை வீட்டிலேயே சோதிக்கவும் முடியும். புட்டிமூடி ஒன்றில் சமையல் உப்பை இட்டு, கூழாகும் அளவு மட்டும் நீர் சேர்த்து, ஈரமானியோடு காற்றுப்புகாத உறையில் வைத்து மூடிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விட்டால், உறைக்குள் ஒப்பீட்டு ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைக்கும். ஈரமானி அதைவிட மூன்று கூட்டிக் காட்டினால், அதன் எல்லா அளவீடுகளிலும் மூன்றைக் கழித்துக்கொள்ளலாம். இவ்வாறு சரிபார்த்த ஈரமானியைப் பெட்டிக்குள் வைத்து, வாரம் ஒருமுறை அதன் அளவைக் குறித்து வரும் உரிமையாளர், கிட்டாரைக் காப்பதோடு, பின்னொரு நாள் கேடு நேர்ந்தால் தம் கவனத்தைக் காட்டும் சான்றையும் சேர்த்துக்கொள்கிறார்.

மரத்தை முறையாக உலர்த்துவதும், ஈரப்பதம் கட்டுப்பட்ட பட்டறையில் பொருத்துவதும், எந்த ஈரப்பத எல்லைக்குள் கருவி பாதுகாப்பாக இருக்கும் என்பதை எண்ணாலேயே உத்தரவாதத்தில் சொல்வதும் தயாரிப்பாளரின் கடமை; அந்த எல்லைக்குள் கருவியை வைத்திருப்பதும், வைத்திருந்ததைப் பதிவால் காட்டுவதும் உரிமையாளரின் கடமை. இரு தரப்பும் தம் கடமையை எண்களாலும் எழுத்தாலும் நிறைவேற்றும்போது, வளைந்த கிட்டாரைப் பற்றிய சர்ச்சையில் ஊகத்துக்கு இடம் குறைந்து, ஒவ்வொரு வளைவும் அதற்குக் காரணமானவரின் கணக்கிலேயே சேரும். உத்தரவாதம் என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுத்தவருக்கு அதைவிடக் குறைந்த நியாயம் போதாது.